ஒரு நோடை நிறுத்தினால் செயலியே விழுகிறது: தொலை இணைப்பில் எங்கே தப்பு?

மூன்றுநோடு | திங்கள், இரவு 11:20

கிளவுடில் மூன்று மெஷின் (நோடு), மூன்றிலும் தரவைப் பல மெஷின்களில் பரப்பி வைக்கும் டேட்டாபேஸான காசாண்ட்ரா 4.1. ரெப்ளிகேஷன் 3, அதாவது ஒவ்வொரு தரவுக்கும் மூன்று பிரதி. செயலி லோக்கல் குவோரத்தில்தான் (மூன்றில் இரண்டு பிரதி பதில் சொன்னால் போதும்) படிக்கிறது, எழுதுகிறது. கணக்குப்படி ஒரு நோடு போனாலும் வண்டி ஓட வேண்டும். ஓடவில்லை.

ஒத்திகை பார்க்கலாம் என்று நேற்று நோடு 1-ஐ நிறுத்தினேன். என் மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருந்த ஜாவா செயலி உடனே ‘நோடு எதுவும் கிடைக்கவில்லை’ என்று கைவிரித்துவிட்டது. அதே நேரத்தில் நோடு 2-க்குள் நுழைந்து நோட்டூல் ஸ்டேட்டஸ் (நோடுகளின் நிலையைக் காட்டும் கட்டளை) போட்டால் 2, 3 இரண்டும் யூஎன், அதாவது நலமாக ஓடுகின்றன. நோடு 1-ஐத் திரும்ப ஏற்றினால் செயலியும் எழுந்துகொள்கிறது.

உள் முகவரிகள் 10.0.1.11, 12, 13. வெளி முகவரிகள் 203.0.113.21, 22, 23 என்று வைத்துக்கொள்ளுங்கள் (எண்களை மாற்றியிருக்கிறேன்). மடிக்கணினியிலிருந்து சிக்யூஎல் ஷெல்லில் (காசாண்ட்ராவோடு நேரடியாகப் பேசும் கட்டளைத் திரை) மூன்று வெளி முகவரிக்கும் தனித்தனியாகப் போய்ப் பார்த்தேன், மூன்றும் நுழைகின்றன. அதனால் ஃபயர்வால் சரியாகத்தான் இருக்கிறது. செயலியில் முதலில் 203.0.113.21 மட்டும் கொடுத்திருந்தேன். இப்போது மூன்றையும் கொடுத்துவிட்டேன். ஒரு மாற்றமும் இல்லை.

இரண்டு ராத்திரி போய்விட்டது. யாராவது கை கொடுங்கள்.


சட்டுபுட்டு | திங்கள், இரவு 11:31

9042 (செயலிகள் நுழையும் போர்ட்), 7000 (நோடுகள் தங்களுக்குள் பேசுவது), 7199 (நிர்வாகம்) எல்லாவற்றையும் 0.0.0.0/0-க்கு, அதாவது உலகத்துக்கே, திறந்து பாருங்கள். வேலை செய்தால் ஃபயர்வால்தான் காரணம். அப்புறம் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளலாம்.


இரவுக்காவல் | திங்கள், இரவு 11:44

‘அப்புறம் மூடிக்கொள்ளலாம்’ என்று திறந்ததை யாரும் மூடி நான் பார்த்ததில்லை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

காசாண்ட்ரா நிறுவியவுடன் கடவுச்சொல்லே கேட்காது. யாமல் கோப்பில் (காசாண்ட்ராவின் அமைப்புக் கோப்பு) ஆத்தென்டிகேட்டர் இருக்கும் வரியைப் பாருங்கள், ‘அலவ் ஆல்’ என்றுதான் இருக்கும். 7199 அதைவிட மோசம். அது ஜேஎம்எக்ஸ், அதாவது ஜாவா நிரலை வெளியிலிருந்து நிர்வகிக்கும் போர்ட். பூட்டில்லாமல் வெளியே தெரிந்தால் தரவு மட்டும் போகாது, உங்கள் மெஷினில் வேறொருவர் தன் நிரலை ஓட்டலாம். 2017 ஜனவரியில் திறந்து கிடந்த மாங்கோடிபி (இன்னொரு டேட்டாபேஸ்) சர்வர்களை ஆயிரக்கணக்கில் துடைத்துவிட்டுப் பணம் கேட்டுக் குறிப்பு வைத்துப் போனார்கள். அவற்றிலும் பல ‘சும்மா சோதனைக்கு’ திறந்தவைதான்.

மூன்றுநோடு, உங்களுடையதில் கடவுச்சொல் போட்டிருக்கிறீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.


பாக்கெட்_பொறுக்கி | செவ்வாய், காலை 7:05

செயலி விழும்போது என்ன சொல்கிறது என்பதைவிட, விழுவதற்கு முன்னால் லாக்கில் என்ன புலம்பிக்கொண்டிருந்தது என்பது முக்கியம். நோடு 1 ஓடும்போதே எச்சரிக்கைகள் வந்திருக்கும். அது கீழே உள்ள மூன்றில் எது என்று பாருங்கள்.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்றால் பாக்கெட் மெஷின்வரை போய்விட்டது, அந்த முகவரியில் அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. அனேகமாக காசாண்ட்ரா 127.0.0.1-இல் (மெஷின் தன்னோடு மட்டும் பேசும் முகவரி) மட்டும் உட்கார்ந்திருக்கும்.

‘டைம்டு அவுட்’ என்றால் வழியில் யாரோ பாக்கெட்டைச் சத்தமில்லாமல் குப்பையில் போட்டுவிட்டார்கள், அல்லது நீங்கள் அழைக்கும் முகவரிக்கு உங்கள் இடத்திலிருந்து வழியே இல்லை.

‘நோ ரூட் டு ஹோஸ்ட்’ என்று வந்தால் பலர் ரவுட்டரைச் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் அந்த மெஷினிலேயே இருக்கும் ஃபயர்வால் நிரலான ஃபயர்வால்டிதான் ‘அனுமதி இல்லை’ என்று பதில் அனுப்பியிருக்கும். பெயர்தான் ஆளை ஏமாற்றும்.

லாக் வரியை அப்படியே போடுங்கள். முகவரியோடு. எண்களை மாற்றினாலும் உள் முகவரியா வெளி முகவரியா என்பது தெரிய வேண்டும். கூடவே ஒவ்வொரு நோடிலும் ‘எஸ்எஸ்’ கட்டளை (எந்த முகவரியில் எந்தப் போர்ட் கேட்கிறது என்று காட்டும்) 9042-க்கு எதைக் காட்டுகிறது என்றும், நோடு 1-இல் சிஸ்டம் பீர்ஸ் டேபிளில் (மற்ற நோடுகளின் பட்டியல்) ஆர்பிசி அட்ரஸ் நெடுவரிசையில் என்ன இருக்கிறது என்றும்.


மூன்றுநோடு | செவ்வாய், காலை 9:50

இரவுக்காவல் சார், கடவுச்சொல் இல்லை. 9042 என் ஐபிக்கு மட்டும்தான் திறந்திருக்கிறது என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். இன்றே போடுகிறேன்.

பாக்கெட்_பொறுக்கி, நீங்கள் சொன்னது சரி. செயலி நன்றாக ஓடுவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே லாக் முழுக்க இதுதான், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறையாவது வருகிறது:

10.0.1.12:9042 – இணைக்க முடியவில்லை, டைம்டு அவுட்
10.0.1.13:9042 – இணைக்க முடியவில்லை, டைம்டு அவுட்

எஸ்எஸ் மூன்று நோடிலும் அதனதன் 10.0.1.x முகவரியில் 9042 கேட்பதாகக் காட்டுகிறது. சிஸ்டம் பீர்ஸில் இரண்டு வரி: 10.0.1.12, 10.0.1.13.

ஆனால் நான் செயலியில் எங்கேயும் 10.0.1 என்று எழுதவே இல்லையே! மூன்றும் 203 முகவரிகள்தான். இந்த 10 எங்கிருந்து வந்தது?


பழையகன்சோல் | செவ்வாய், காலை 10:35

கடைசிக் கேள்வியிலேயே விடை இருக்கிறது. அந்த 10-ஐ உங்கள் செயலிக்குக் கொடுத்தது காசாண்ட்ராதான்.

சாதாரண டேட்டாபேஸ் என்றால் ஒரு முகவரி, ஒரு இணைப்பு, முடிந்தது. பரவலான டேட்டாபேஸில் டிரைவர் (செயலிக்குள் இருந்து டேட்டாபேஸோடு பேசும் நூலகம்) இரண்டு முறை இணைகிறது. நீங்கள் கொடுக்கும் காண்டாக்ட் பாயின்ட் முகவரிகள் வாசலைத் தட்ட மட்டும். ஏதாவது ஒரு கதவு திறந்ததும் டிரைவர் உள்ளே போய் ‘இந்த வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், அவர்களை எங்கே பார்க்கலாம்?’ என்று கேட்கும். அதற்குத்தான் சிஸ்டம் லோக்கல், சிஸ்டம் பீர்ஸ் டேபிள்களைப் படிக்கிறது. 4.0-இலிருந்து பீர்ஸ் வி2 என்று போர்ட் எண்ணோடு சேர்த்து ஒன்றும் உண்டு. அங்கே கிடைக்கும் பட்டியல்தான் அதற்குப் பிறகு வேதம். நீங்கள் கொடுத்த பட்டியலில் இருந்து, கிளஸ்டர் (நோடுகளின் கூட்டம்) ஒப்புக்கொள்ளாத முகவரிகளை ஜாவா டிரைவர் கழித்துவிடும். மூன்று வெளி முகவரிகளைக் கொடுத்தும் மாற்றமில்லை என்றீர்களே, இதனால்தான்.

உங்கள் கதையில் நடந்தது: செயலி 203.0.113.21-இல் தட்டியது, திறந்தது. கிளஸ்டர் ‘மற்ற இருவர் 10.0.1.12, 10.0.1.13’ என்றது. கிளவுடுக்குள் இருப்பவருக்கு அது நல்ல முகவரி. உங்கள் மடிக்கணினிக்கு அது வேறு ஊர்த் தெருப்பெயர். ஆக, முதல் நாளிலிருந்தே உங்கள் செயலி நோடு 1 ஒன்றோடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. குவோரம் எல்லாம் கிடைத்தது, ஏனென்றால் நோடு 1 உள்ளுக்குள் 7000 வழியே மற்ற இரண்டிடமும் கேட்டு வாங்கித் தந்தது. நோடு 1-ஐ நிறுத்தியதும் பேச ஆள் இல்லை.

சிக்யூஎல் ஷெல் உங்களை ஏமாற்றியதும் இதே காரணத்தால்தான். அது கொடுத்த ஒரு நோடோடு மட்டும் பேசும், மற்றவர்களைத் தேடிப் போகாது. ‘ஷெல்லில் வேலை செய்கிறது, எனவே நெட்வொர்க் சரி’ என்ற வாதம் இங்கே செல்லாது.

இப்போது யாமல் கோப்பு. நான்கு முகவரி வரிகள் உண்டு, நான்கையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. லிசன் அட்ரஸ், பிராட்காஸ்ட் அட்ரஸ் இரண்டும் நோடுகள் தங்களுக்குள் பேச. ஆர்பிசி அட்ரஸ், பிராட்காஸ்ட் ஆர்பிசி அட்ரஸ் இரண்டும் செயலிகளோடு பேச. ஒவ்வொரு ஜோடியிலும் முதலாவது ‘நான் எங்கே காது வைத்திருக்கிறேன்’, இரண்டாவது ‘என்னை எங்கே பார்க்கலாம் என்று ஊருக்குச் சொல்கிறேன்’. இரண்டாவதைக் காலியாக விட்டால் முதலாவதையே சொல்லிவிடும்.

இரண்டு பொறிகள். ஒன்று, வெளி முகவரியை எடுத்து ஆர்பிசி அட்ரஸில் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலான கிளவுடில் வெளி முகவரி மெஷினின் நெட்வொர்க் கார்டில் இருக்காது, வழியில் எங்கோ மாற்றப்படுகிறது. காசாண்ட்ரா அதில் உட்காரப் பார்த்து ‘இந்த முகவரி என்னிடம் இல்லை’ என்று எழவே எழாது. இரண்டு, ஆர்பிசி அட்ரஸுக்கு 0.0.0.0 போட்டால் பிராட்காஸ்ட் ஆர்பிசி அட்ரஸைக் கட்டாயம் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் அப்போதும் எழாது. லிசன் அட்ரஸுக்கு 0.0.0.0 எப்போதுமே தப்பு.

உங்களுக்கு மடிக்கணினியிலிருந்து வேலை நடக்க வேண்டும் என்றால் பிராட்காஸ்ட் ஆர்பிசி அட்ரஸில் அந்தந்த நோடின் வெளி முகவரி. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: இந்தக் கிளஸ்டரை வேறு யார் பயன்படுத்துகிறார்கள்?


காஃப்காக்காரன் | செவ்வாய், பகல் 12:10

இதே படத்தை நாங்கள் காஃப்காவில் (செய்திகளைக் கைமாற்றும் பரவலான அமைப்பு) பார்க்கிறோம், அங்கே அதற்கு அட்வர்டைஸ்டு லிசனர்ஸ் என்று பெயர். பல பிரதிகள் கொண்ட மாங்கோடிபி ரெப்ளிகா செட்டிலும் அப்படியே: கட்டமைப்பில் எழுதிய ஹோஸ்ட் பெயரை டிரைவர் நம்பிப் போய் முட்டிக்கொள்ளும். அங்கே ஒரு வசதி, இணைப்பு வரியில் டைரக்ட் கனெக்‌ஷன் ட்ரூ என்று போட்டால் ஒரு நோடோடு மட்டும் பேசும். சோதிக்க நல்லது, நிரந்தரமாக வைத்தால் மூன்றுநோடு சாருக்கு நடந்ததுதான் நடக்கும்.


மூன்றுநோடு | செவ்வாய், மாலை 6:40

பழையகன்சோல் ஐயா, கோடி நன்றி. பிராட்காஸ்ட் ஆர்பிசி அட்ரஸில் வெளி முகவரி போட்டு ஒவ்வொரு நோடாக ரீஸ்டார்ட் செய்தேன். மடிக்கணினி லாக்கில் மூன்று நோடும் பச்சை. நோடு 1-ஐ நிறுத்தினேன், செயலி நிற்கவில்லை!

தீர்ந்தது. இழையை மூடிவிடலாம்.


மூன்றுநோடு | செவ்வாய், இரவு 8:15

மூட வேண்டாம். சோதனைச் சூழலில் ஓடும் செயலி (அதே கிளவுடு நெட்வொர்க்கில், வேறு மெஷினில்) இப்போது மொத்தமாக விழுந்துவிட்டது. இதுவரை ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடியது. இப்போது மூன்று நோடுக்கும் டைம்டு அவுட். உள்ளேயே இருக்கும் மெஷினுக்கு எப்படி டைம் அவுட் ஆகும்?


பழையகன்சோல் | செவ்வாய், இரவு 8:32

இதற்காகத்தான் அந்தக் கேள்வி கேட்டேன். நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள்.


பாக்கெட்_பொறுக்கி | செவ்வாய், இரவு 9:20

உள்ளே இருக்கும் செயலிக்கும் இப்போது கிளஸ்டர் வெளி முகவரியைத்தான் கொடுக்கிறது. பக்கத்து அறையில் இருப்பவரைப் பார்க்கத் தெருவில் இறங்கி, வாசல் வழியாகத் திரும்பி வர வேண்டிய நிலை. அப்படி வெளியே போய் வரும்போது பாக்கெட்டின் அனுப்புநர் முகவரியும் வெளி முகவரியாக மாறிவிடும்.

உங்கள் செக்யூரிட்டி குரூப் (கிளவுடின் ஃபயர்வால்) விதியில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன்: ‘செயலி மெஷின்களின் குரூப்பிலிருந்து 9042-க்கு அனுமதி’. குரூப் பெயரைச் சொல்லி எழுதும் விதி உள் முகவரியிலிருந்து வரும் பாக்கெட்டுக்கு மட்டுமே பொருந்தும். வெளியே போய்ச் சுற்றி வருவது அந்தக் குரூப்பின் ஆள் என்று காவலுக்குத் தெரியாது. சத்தமில்லாமல் போட்டுவிடும்.

நம்ப வேண்டாம், பாருங்கள். செயலி மெஷினில் ஒன்று, நோடு 2-இல் ஒன்று, இரண்டு இடத்திலும் 9042-க்கு டிசிபிடம்ப் (வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓடவிடுங்கள். பிறகு ஒரு போர்ட்டோடு இணைந்து பார்க்கும் ‘என்சி’ கட்டளையால் நோடு 2-இன் வெளி முகவரியை ஒரே ஒரு முறை தட்டுங்கள். செயலி பக்கம் எஸ்ஒய்என் (இணைப்புக் கேட்கும் முதல் பாக்கெட்) போவது தெரியும். பதில் வராததால் முதல் தட்டலிலிருந்து 1-ஆம் நொடி, 3-ஆம் நொடி, 7-ஆம் நொடி என்று இடைவெளி இரட்டிப்பாகிக்கொண்டே திரும்பத் திரும்பத் தட்டும். நோடு 2 திரையில் ஒன்றுமே இல்லாவிட்டால் மெஷினை எட்டும் முன்பே, கிளவுடின் காவலிலோ வழியிலோ விழுகிறது. நோடு 2-லும் எஸ்ஒய்என் தெரிந்து பதில் மட்டும் இல்லை என்றால் மெஷினுக்குள் இருக்கும் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸ் குற்றவாளி, ஏனென்றால் டிசிபிடம்ப் அதற்கு முன்னாலேயே பாக்கெட்டைப் பார்த்துவிடும். பதில் நோடிலிருந்து கிளம்பியும் வந்து சேரவில்லை என்றால் திரும்பும் வழியைப் பாருங்கள். சப்நெட் (நெட்வொர்க்கின் ஒரு பகுதி) அளவில் இருக்கும் ஏசிஎல் (அனுமதிப் பட்டியல்) பல இடங்களில் ஞாபகசக்தி இல்லாதது. உள்ளே விட்டதை வெளியே விட அதற்குத் தனியாக இன்னொரு விதி, 1024 முதல் 65535 வரையிலான போர்ட்டுகளுக்கு, எழுத வேண்டியிருக்கும்.


மூன்றுநோடு | செவ்வாய், இரவு 10:05

1, 3, 7. அப்படியே! நோடு 2 திரை காலி. குரூப் விதியும் நீங்கள் ஊகித்ததுதான்.

சரி, இரண்டு பேருக்கும் எப்படி ஒரே நேரத்தில் சரியான முகவரி கொடுப்பது?


பழையகன்சோல் | செவ்வாய், இரவு 10:50

ஒரு நோடு ஒரே ஒரு முகவரியைத்தான் செயலிகளுக்குச் சொல்லும். யாருக்கு எது என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. எனவே யாராவது ஒருவர் இறங்கி வர வேண்டும்.

என் தீர்ப்பு: உள் முகவரிக்கே திரும்பிவிடுங்கள். தினமும் ஓடப்போவது உள்ளே இருக்கும் செயலி. உங்கள் மடிக்கணினி விருந்தாளி. விருந்தாளிக்காக வீட்டுக் கதவை வெளிப்பக்கம் மாற்றி வைக்கக் கூடாது. மடிக்கணினியை விபிஎன் (உள் நெட்வொர்க்குக்குப் போடும் தனிக் குழாய்) வழியாக உள்ளே கொண்டுவந்துவிட்டால் 10.0.1.x அதற்கும் சொந்தத் தெரு ஆகிவிடும். வெளி முகவரியில் 9042-ஐ மூடியும் விடலாம், இரவுக்காவல் நிம்மதியாகத் தூங்குவார்.

இன்னொரு வழி டிரைவரில் இருக்கும் அட்ரஸ் டிரான்ஸ்லேட்டர். கிளஸ்டர் சொன்ன முகவரியை டிரைவர் பயன்படுத்தும் முன் ஒருமுறை மாற்றிக்கொள்ள வாய்ப்பு. அமேசானின் கிளவுடு மெஷின்களான ஈசி2-வில் பல ரீஜன்களில் (வட்டாரங்களில்) கிளஸ்டர் வைத்திருப்பவர்களுக்காகவே ஜாவா டிரைவரில் ஒன்று தயாராக இருக்கிறது. வெளி முகவரியைத் தலைகீழ் டிஎன்எஸ்ஸில் தேடிப் பெயரைக் கண்டுபிடித்து, அந்தப் பெயரை உள்ளிருந்து மறுபடி தேடும். உள்ளே தேடினால் உள் முகவரி கிடைக்கும் என்பதுதான் அதன் சூட்சுமம். மூன்றே நோடுக்கு அது தேவையில்லை.

எஸ்எஸ்ஹெச் சுரங்கம் மட்டும் வேண்டாம். லோக்கல்ஹோஸ்ட் 9042-ஐ நோடு 1-க்குத் திருப்பிவிட்டுப் பலர் ‘கனெக்ட் ஆகிவிட்டது’ என்பார்கள். ஆகும். அடுத்த கணமே டிரைவர் 10.0.1.12-ஐத் தேடிச் சுரங்கத்துக்கு வெளியே ஓடும். நீங்கள் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.


புதுவரவு | புதன், காலை 8:20

குறுக்கே ஒரு கேள்வி. எனக்கும் ‘நோடு எதுவும் கிடைக்கவில்லை’ என்றே வருகிறது, ஆனால் டைம் அவுட் எதுவும் லாக்கில் இல்லை. முகவரிகள் எல்லாம் உள் முகவரிகள், என்சி மூன்றுக்கும் நுழைகிறது.


பழையகன்சோல் | புதன், காலை 8:41

நெட்வொர்க்கை விடுங்கள். ஜாவா டிரைவர் 4-இல் லோக்கல் டேட்டாசென்டர் பெயர் கேட்கும் இல்லையா, அங்கே எழுதியதையும் நோட்டூல் ஸ்டேட்டஸின் தலைப்பில் வரும் டேட்டாசென்டர் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்துகூடப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எல்லா நோடும் ‘வேறு டேட்டாசென்டர்’ என்று ஒதுக்கப்படும்.


புதுவரவு | புதன், காலை 8:58

டேட்டாசென்டர்1 என்று இருக்கிறது, நான் டிசி1 என்று எழுதியிருந்தேன். மூன்று நாள் இதற்கா! நன்றி.


மூன்றுநோடு | வியாழன், இரவு 9:30

விபிஎன் போட்டாயிற்று. அலுவலக ரவுட்டருக்கும் கிளவுடில் ஒரு சின்ன மெஷினுக்கும் இடையே வயர்கார்டு விபிஎன். யாமலில் உள் முகவரிக்குத் திரும்பிவிட்டேன், வெளி 9042 மூடியாயிற்று, கடவுச்சொல்லும் போட்டாயிற்று. சோதனைச் செயலி ஓடுகிறது. மடிக்கணினியும் மூன்று நோடையும் பார்க்கிறது.

ஆனால் விநோதம் ஒன்று. மடிக்கணினியிலிருந்து சின்ன குவெரி எல்லாம் பறக்கிறது. ஒரு டேபிளில் 200 வரி கேட்டால் உறைந்துவிடுகிறது. பிழை இல்லை, கடைசியில் டைம் அவுட். 5 வரி கேட்டால் உடனே வருகிறது. டேபிளில் ஏதாவது கோளாறா? சோதனைச் செயலியில் அதே 200 வரி சரியாக வருகிறதே.


பாக்கெட்_பொறுக்கி | வியாழன், இரவு 9:48

கேட்டதும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். டேபிளில் ஒன்றும் இல்லை. செக்யூரிட்டி குரூப்பில் ஐசிஎம்பி (நெட்வொர்க்கின் பிழை, சோதனைச் செய்திகள்) முழுவதையும் மூடிவைத்திருக்கிறீர்களா?

நோடு 2-இலிருந்து மடிக்கணினிக்கு, பாக்கெட்டைப் பிரிக்கக் கூடாது என்ற கொடியோடு பிங் போடுங்கள். முதலில் 1392 பைட். பிறகு 1393.


மூன்றுநோடு | வியாழன், இரவு 10:02

ஐசிஎம்பி மூடித்தான் இருக்கிறது, பாதுகாப்பு என்று எங்கோ படித்தேன்.

1392 போகிறது. 1393 போகவில்லை. ஒரு பைட்! இதை எப்படி முன்கூட்டியே சொன்னீர்கள்?


பாக்கெட்_பொறுக்கி | வியாழன், இரவு 10:25

வயர்கார்டின் வழக்கமான எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1420 பைட். பிங்கின் தலைப்புகள் 28 பைட். கழித்தால் 1392.

உங்கள் மடிக்கணினியும் நோடும் இரண்டு பக்கமும் குறைந்தது 1500 பைட் பாக்கெட் அனுப்பலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. நடுவில் இருக்கும் குழாய்தான் 1420. சின்ன பதில் ஒரே பாக்கெட்டில் அடங்கிப் போய்விடும். 200 வரி வந்தால் முழு அளவுப் பாக்கெட்டுகள் கிளம்பும். குழாய் வாசலில் அந்த மெஷின் ‘பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு’ என்று நோடுக்குச் சொல்லி அனுப்பும். அந்தச் செய்தி ஐசிஎம்பி வகை 3, குறியீடு 4. நீங்கள் அதைத்தான் மூடியிருக்கிறீர்கள். நோடு அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். கிளவுடின் உள் நெட்வொர்க்குகளில் இது இன்னும் மோசம், அமேசானில் உள்ளே 9001 வரைகூடப் போகலாம்.

அந்த ஒரு ஐசிஎம்பி வகையை மட்டும் நோடுகளுக்கு அனுமதியுங்கள். கூடவே வயர்கார்டு மெஷினில் டிசிபி எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்சம்) அளவை எம்டியூவுக்கு ஏற்பக் குறைக்கும் விதி ஒன்றும் போட்டுவிடுங்கள். இரண்டாவது மட்டும் இருந்தாலே உங்கள் வேலை நடக்கும், ஆனால் முதலாவது நல்ல பழக்கம்.


இரவுக்காவல் | வெள்ளி, காலை 6:15

விபிஎன், நாட் (முகவரியை வழியில் மாற்றுவது) என்று வழியில் ஆட்கள் கூடும்போது இன்னொன்றும் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்த பிறகு போடும் முதல் குவெரி மட்டும் தொங்கும், இரண்டாவது சரியாகப் போகும். சும்மா இருக்கும் இணைப்பை நடுவில் இருப்பவர்கள் மறந்துவிடுவதால் வருவது. அமேசான் நாட் கேட்வே 350 நொடியில் மறக்கும், அஸூர் லோட் பேலன்சர் தானாக வைத்திருப்பது 4 நிமிடம், கூகுள் கிளவுடின் ஃபயர்வால் 10 நிமிடம். லினக்ஸ் தானாக ‘இருக்கிறாயா’ என்று முதல்முறை கேட்பதோ 7200 நொடி கழித்து. அதற்குள் நடுவில் இருப்பவர் எப்போதோ மறந்திருப்பார்.

ஜாவா டிரைவர் 30 நொடிக்கு ஒரு ஹார்ட்பீட் (இணைப்பை உயிரோடு வைக்கும் சிறு செய்தி) அனுப்பும், அதனால் பெரும்பாலும் தெரியாது. ஆனால் லாக்கில் சத்தம் அதிகம் என்று ஒரு தம்பி அதை நிறுத்திவைத்திருந்த இடத்தில் நான் வேலை பார்த்தேன். காலையில் முதலில் வரும் பயனருக்கு மட்டும் தினமும் பிழை. கண்டுபிடிக்க இரண்டு வாரம்.


மூன்றுநோடு | வெள்ளி, இரவு 7:10

200 வரி வருகிறது. 5,000-மும் வருகிறது.

துணிந்து மறுபடி ஒத்திகை பார்த்தேன். 7 மணிக்கு நோடு 1-ஐ நிறுத்தினேன். ஓடிக்கொண்டிருந்த சோதனைச் செயலி நிற்கவில்லை, ஒரு எச்சரிக்கை வரியோடு தொடர்ந்தது. மகிழ்ச்சியில் செயலியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தேன். அவ்வளவுதான், உள்ளே நுழைய மறுக்கிறது. டைம் அவுட் இல்லை. லாகின் பிழை, ‘கன்சிஸ்டன்சி லெவல் எட்ட முடியவில்லை’ என்கிறது, அதாவது போதுமான பிரதிகள் கிடைக்கவில்லையாம். ஆனால் என் சொந்தப் பயனர் பெயரில் ஷெல்லில் நுழைய முடிகிறது! செயலியின் பயனர் பெயர்தான் முடியவில்லை. கடவுச்சொல் சரிதான், நூறு முறை பார்த்துவிட்டேன்.


பழையகன்சோல் | வெள்ளி, இரவு 7:34

கடவுச்சொல் போடச் சொன்னோம், அதோடு சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். எங்கள் தப்பு.

பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் சிஸ்டம் ஆத் என்ற கீஸ்பேஸில் (டேபிள்களின் தொகுப்பு) இருக்கின்றன. உங்கள் தரவுக்கு ரெப்ளிகேஷன் 3 கொடுத்தீர்கள். சிஸ்டம் ஆத் தானாக வரும்போது ரெப்ளிகேஷன் 1. ஒவ்வொரு பயனரின் வரியும் ஏதோ ஒரே ஒரு நோடில் மட்டும் இருக்கும். உங்கள் பெயர் 2-லோ 3-லோ விழுந்திருக்கிறது. செயலியின் பெயர் நோடு 1-இல். ஏற்கெனவே திறந்திருந்த இணைப்புகள் மறுபடி லாகின் செய்ய வேண்டியதில்லை, அதனால் ஓடின. புதிதாக வருபவரைச் சரிபார்க்க ஏடு இருக்கும் அறை பூட்டியிருக்கிறது.

நோடு 1-ஐ ஏற்றுங்கள். சிஸ்டம் ஆத்தை நெட்வொர்க் டோபாலஜி ஸ்ட்ராடஜிக்கு (டேட்டாசென்டர் வாரியாகப் பிரதி வைக்கும் முறை) மாற்றி உங்கள் டேட்டாசென்டருக்கு 3 கொடுங்கள். பிறகு மூன்று நோடிலும் ஒவ்வொன்றாக சிஸ்டம் ஆத்துக்கு நோட்டூல் ரிப்பேர் (பிரதிகளை ஒப்பிட்டுச் சரிசெய்வது). ரிப்பேரை விட்டுவிட்டால் எண் மட்டும் 3 ஆகும், வரிகள் நகர்ந்திருக்காது.

காசாண்ட்ரா என்ற பெயரிலேயே வரும் முதல் சூப்பர் யூசரை எந்தச் செயலிக்கும் கொடுக்காதீர்கள். அவருக்கு மட்டும் எப்போதும் குவோரம் கேட்கும், தவிர அவருடைய கடவுச்சொல் ஊருக்கே தெரியும். வேறொரு சூப்பர் யூசர் உருவாக்கிக்கொண்டு அவரை முடக்கிவிடுங்கள்.


மூன்றுநோடு | வெள்ளி, இரவு 11:05

நோடு 1-ஐ ஏற்றி, மாற்றி, மூன்றிலும் ரிப்பேர் ஓட்டி, 8:50-க்கு மறுபடி நிறுத்தினேன். செயலியை மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தேன், மூன்று முறையும் நுழைந்தது. மடிக்கணினியிலும் சரி. இரண்டு மணி நேரமாக நோடு 1 இல்லாமலே எழுதிக்கொண்டிருக்கிறது. கண் எரிகிறது, நோடு 1-ஐ அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன். காலையில் ஏற்றிக்கொள்கிறேன்.


பழையகன்சோல் | வெள்ளி, இரவு 11:08

தூங்காதீர்கள்! நின்ற நோடுக்காக மற்றவர்கள் ஹின்ட் (அது தவறவிட்ட பதிவுகளின் குறிப்பு) சேர்த்து வைப்பது தானாக வைத்த அளவில் 3 மணி நேரம்தான். அதைத் தாண்டி எழுதியவை அதற்குத் தானாகப் போய்ச் சேராது, முழு ரிப்பேர் ஓட்ட வேண்டியிருக்கும். 11:50-க்குள் ஏற்றுங்கள்.


மூன்றுநோடு | வெள்ளி, இரவு 11:19

ஏற்றிவிட்டேன். மூன்றும் யூஎன். நோடு 2, 3 லாக்கில் ஹின்ட் அனுப்பிக்கொண்டிருப்பது தெரிகிறது. இப்போது போகலாமா?


பழையகன்சோல் | வெள்ளி, இரவு 11:21

போங்கள்.